மாட்டுவண்டியில் போன டிரைவ்-இன்: டூரிங் கொட்டாய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். இரண்டு கோடைக்கு முன் டிரைவ்-இன் தியேட்டருக்குக் குடும்பத்தோடு போய், கார் டிக்கியைத் திறந்து அதில் மெத்தை விரித்துப் படம் பார்க்கிற போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கூடவே ஒரு வரி: "மாமா, நம்மூர்ல இப்படியெல்லாம் கெடையாதில்ல?"

"இருந்துச்சே அம்மணி, கார் மட்டும்தான் இல்ல" என்று பதில் போட்டேன். நான் சொன்னது டூரிங் கொட்டாயை, ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டியதை. அன்றைக்கு ஆரம்பித்த கேள்விகள் இன்னும் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். எங்கள் தோட்டம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், ஊதியூர் மலை தெரிகிற தூரத்தில். நான் சொல்லும் காலம் பெரும்பாலும் 1970கள்.

முதலில், டிரைவ்-இன் என்றால் என்ன?

காரை விட்டு இறங்காமல் திறந்தவெளியில் படம் பார்க்கிற இடம். 1933 ஜூன் 6ஆம் தேதி அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கேம்டன் நகரத்துப் பக்கத்தில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் திறந்ததைத்தான் முதல் டிரைவ்-இன் என்கிறார்கள். அந்த மனிதர் வீட்டு வாசலிலேயே சோதனை போட்டுப் பார்த்திருக்கிறார். கார் பானெட்டின் மேல் ஒரு சின்ன புரொஜெக்டர், இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு துணி. மழை வந்தால் என்ன ஆகும் என்று பார்க்கத் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் காரின் மேல் திருப்பிவிட்டாராம்.

அவர் காப்புரிமை வாங்கியது தரைக்கு. முன்னால் நிற்கும் கார் பின்னால் நிற்பவருக்கு மறைக்கக் கூடாது என்று தரையை வரிசை வரிசையாக மேடாக்கி, முன்சக்கரம் கொஞ்சம் தூக்கி நிற்கிற மாதிரி செய்தார். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், மூன்று பேருக்கு மேல் எத்தனை பேர் வந்தாலும் ஒரு டாலர். அதனால் குழந்தை குட்டியோடு குடும்பமே வந்தது. 1950களின் கடைசியில் அந்த நாட்டில் நாலாயிரத்துக்கு மேல் டிரைவ்-இன்கள் இருந்தன. இப்போது சில நூறுதான்.

மாட்டுவண்டியில் போனதை டிரைவ்-இன் என்பது கொஞ்சம் அதிகமில்லையா?

கொஞ்சம் அதிகம்தான். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் அப்பாரு என்றால் தாத்தா, ஆத்தா என்றால் பாட்டி. பொழுதோடு தோட்டத்து வேலை முடிந்ததும் அப்பாரு வண்டியில் வைக்கோலைப் பரப்புவார். அதன் மேல் ஜமக்காளம். ஆத்தா ஒரு தூக்குப்போசியில் புளிச்சோறும் இன்னொன்றில் தண்ணீரும் எடுத்துக்கொள்வாள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளையும் சேர்த்து எட்டு, பத்து பேர். வண்டிக்கு அடியில் அரிக்கேன் லாந்தர் ஆடும். எங்கள் மாடுகள் இரண்டும் காங்கேயம் மயிலை. கண்ணபுரம் சந்தையில் வாங்கியவை. நாலு மைல் போக வேண்டும். இட்டேரி என்கிற வண்டிப்பாதையில் கிலுவை வேலிக்கு நடுவே போகும்போது ஒரே இருட்டாக இருக்கும். தார் ரோட்டில் ஏறியதும் தூரத்தில் கொட்டாய்ப் பாட்டு கேட்கும். பாட்டு கேட்டதும் மாடுகள் தாமாகவே நடையை எட்டிப் போடும் என்று அப்பாரு சத்தியம் செய்வார். எனக்கு அதில் இன்றுவரை சந்தேகம்தான்.

கொட்டாய்க்குப் பின்னால் ஒரு புளியமரத்து மைதானம். அங்கே முப்பது, நாற்பது வண்டிகள் வரிசையாக நிற்கும். மாட்டை அவிழ்த்துச் சக்கரத்தில் கட்டி, முன்னால் வைக்கோலைப் போட்டுவிட்டு எல்லாரும் உள்ளே போவார்கள். யாராவது ஒருவர் வண்டிக்குக் காவல் இருக்க வேண்டும். தூங்கிப்போன பிள்ளைகளையும் இடைவேளையில் கொண்டுவந்து வண்டியில்தான் போடுவார்கள். அப்படிப் போட்டதும் எனக்கு விழிப்பு வந்துவிடும். மல்லாக்கப் படுத்து, மேலே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே நடக்கும் சண்டையையும் அழுகையையும் காதால் கேட்பேன். சுற்றிலும் மாடு அசைபோடும் சத்தம். இப்போது அக்கா மகள் டிக்கியில் மெத்தை போட்டதைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது அந்த வைக்கோல் மெத்தைதான்.

என்ன, எங்கள் டிரைவ்-இன்னில் வண்டிக்குள் இருப்பவருக்குத் திரை தெரியாது. அது ஒன்றுதான் குறை.

கொட்டாய் என்பது கூடாரமா, கட்டடமா?

ரெண்டுங்கெட்டான். ஆரம்பத்தில் துணிக் கூடாரம் அடித்ததால் 'டெண்ட் கொட்டாய்' என்ற பெயர். நான் பார்த்த காலத்தில் மூங்கில், சவுக்குக் கம்பம் நட்டு மேலே தென்னங்கீற்று வேய்ந்திருந்தார்கள். பக்கவாட்டில் இடுப்பளவுக்குத் தட்டி. ஆப்பரேட்டர் ரூம் மட்டும் செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக இருக்கும். உள்ளே தரை முழுக்க ஆற்று மணல். நடுவே இடுப்புயரத்தில் ஒரு மண் சுவர். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். பதினோரு வயதுவரை நான் இரண்டு பக்கமும் போய்வந்த மகராசன்.

டூரிங் என்று பெயர் வைத்ததால் அது நகர்ந்தாக வேண்டும். 1955ஆம் வருடத்துச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் கீழ் வந்த 1957 விதிகளும் டூரிங் கொட்டாயைத் தனி வகையாகவே வைத்திருந்தன. லைசென்ஸ் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். காலம் முடிந்தால் பிரித்து வேறு ஊரில் போடுவார்கள், அல்லது கொஞ்ச நாள் சும்மா கிடந்துவிட்டு அதே இடத்தில் திரும்ப எழும்பும். கொட்டாய் இல்லாத அந்த மாதங்களில் மைதானத்தில் கம்பம் நட்ட குழிகள் மட்டும் இருக்கும். அதில் கோலி விளையாடினோம்.

டிக்கெட் எவ்வளவு?

எனக்கு நினைவு தெரிந்தபோது தரை நாற்பது பைசா, பெஞ்சு எழுபத்தைந்து பைசா, சேர் ஒன்றேகால் ரூபாய். சேர் என்றால் ஓனருக்கு வேண்டியவர்களும் எப்போதாவது வருகிற அதிகாரிகளும்தான். தரைதான் ராஜா. மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்காரலாம். உடனே பின்னால் இருப்பவர் தலையில் தட்டி மேட்டைக் கலைப்பார். அவர் மேடு கட்டுவார், அவருக்குப் பின்னால் இருப்பவர் தட்டுவார். ஹாலிங்ஸ்ஹெட் காப்புரிமை வாங்கிய அதே வேலைதான். எங்களுக்குத்தான் யாரும் காப்புரிமை தரவில்லை.

படம் ஆரம்பிக்கிறது என்று எப்படித் தெரியும்? மணி அடிப்பார்களா?

பாட்டுதான் மணி. கொட்டாய்க்கு மேலே இரண்டு புனல் ஸ்பீக்கர் ஆளுக்கொரு திசைக்குத் திரும்பியிருக்கும். முதலில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் முருகன் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு நாலைந்து. ஒவ்வொரு கொட்டாய்க்கும் ஒரு வரிசை உண்டு, மாறவே மாறாது. "இந்தப் பாட்டு போட்டுட்டானா, இன்னும் ரெண்டு பாட்டுத்தான்" என்று ஆத்தா அடுப்படியிலிருந்தே கணக்குச் சொல்லுவாள். கடைசிப் பாட்டு முடிந்து ஸ்பீக்கரை உள்பக்கம் மாற்றிவிட்டால் ஊரே திடீரென்று அமைதியாகிவிடும். அதற்குள் போய்ச் சேராதவர்கள் ஓட்டம் பிடிப்பார்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை படம் மாறும். புதுப்படம் வந்தால் இரண்டு பக்கமும் போஸ்டர் தட்டி கட்டிய மாட்டுவண்டி, தப்பட்டை அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும். ரோஸ், மஞ்சள், பச்சைக் காகிதத்தில் நோட்டீஸ் பறக்கும். கதைச் சுருக்கம் பாதி போட்டு "மீதியை வெள்ளித் திரையில் காண்க" என்று முடித்திருப்பார்கள். "இன்றே கடைசி" என்று ஒட்டுவார்கள். மறுநாளும் அதே படம் ஓடும். யாரும் கேட்டதில்லை.

பகல் ஆட்டம் கிடையாதா?

கிடையாது. தட்டிக்கும் கூரைக்கும் நடுவே வெயில் உள்ளே வரும், திரையில் ஒன்றும் தெரியாது. பொழுது இறங்கிய பிறகு முதல் ஆட்டம், பத்து மணிக்கு மேல் இரண்டாம் ஆட்டம். இதிலும் டிரைவ்-இன்னும் நாங்களும் ஒரே சாதிதான். அங்கே கோடையில் ஒன்பது மணிக்குத்தான் இருட்டும் என்பதால் குழந்தைகள் படம் ஆரம்பிக்கும் முன்பே தூங்கிவிடும் என்று அக்கா மகள் சொன்னாள்.

படத்துக்கு நடுவே மூன்று இடைவேளை விட்டார்கள் என்பது நிஜமா?

நிஜம். பெரிய தியேட்டரில் இரண்டு புரொஜெக்டர் இருக்கும். ஒன்று முடியும்போது மற்றொன்று ஆரம்பிக்கும், நமக்குத் தெரியாது. கொட்டாயில் ஒன்றே ஒன்றுதான். 35 எம்.எம். பிலிம் நொடிக்கு 24 படம் வீதம், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அப்படியானால் 16,000 அடிப் படம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அத்தனையும் ஒரே சுருளில் ஏறாது. சிறு ரீல்களை ஒட்டி நாலு பெரிய சுருளாக்கி வைப்பார்கள். ஒரு சுருள் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். கதாநாயகி ஆற்றில் குதிக்கிற இடத்தில் பட்டென்று விளக்கு எரியும். "அட, அவ மூக்குல தண்ணி போறதுக்குள்ள மாட்டுங்கப்பா" என்று தரையிலிருந்து ஒரு குரல் வரும்.

எங்களுக்கு அது குறையாகவே தெரியவில்லை. மூன்று முறை எழுந்து முறுக்கு வாங்கலாம், மாட்டுக்கு வைக்கோல் போடலாம், அடுத்து என்ன ஆகும் என்று சண்டை போடலாம். பிற்பாடு கோயமுத்தூரில் ஒரு பெரிய தியேட்டரில் ஒரே இடைவேளையோடு படம் பார்த்தபோது எனக்கு மூச்சு முட்டியது.

சில நாள் இடைவேளை அரைமணி நேரம் நீளும். பக்கத்து ஊர்க் கொட்டாயும் இதுவும் ஒரே படப்பெட்டியை வைத்து ஓட்டுகிறது என்று அர்த்தம். அங்கே ஓடி முடிந்த சுருளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு பையன் மிதித்து வருவான். சைக்கிள் பஞ்சர் ஆன ஒரு ராத்திரி மூன்றாம் சுருளுக்குப் பதில் நாலாம் சுருள் முதலில் வந்துவிட்டது. அதையே ஓட்டினார்கள். வில்லன் ஜெயிலுக்குப் போன பிறகு தப்பு செய்தான். பாதிப் பேர் கவனிக்கவே இல்லை.

ஆப்பரேட்டர் ரூமுக்குள் போயிருக்கிறீர்களா?

இரண்டே தடவை. அது எங்களுக்குக் கர்ப்பகிரகம். என் பள்ளித் தோழனின் மாமா அங்கே ஆப்பரேட்டர், அந்தச் சலுகையில் போனேன்.

புரொஜெக்டருக்குள் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சி. அவற்றின் நுனியை ஒரு கணம் தொடவைத்து விலக்கினால், அந்த இடைவெளியில் மின்சாரம் பாய்ந்து கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம் வரும். குச்சி எரிந்து எரிந்து குட்டையாகும். இடைவெளி கூடாமல் அவர் கைப்பிடியைத் திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மஞ்சளாகி மங்கும். உடனே தரை டிக்கெட் மொத்தமும் "கார்பன்! கார்பன்!" என்று கத்தும். ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாத என் அப்பாருவும் சேர்ந்து கத்துவார்.

சித்திரை மாதத்தில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில், வெறும் பனியனோடு மூன்று மணி நேரம் நின்றுகொண்டே இருப்பார். படம் அவர் பார்ப்பதில்லை. வெளிச்சத்தைத்தான் பார்ப்பார்.

எரிந்து மிஞ்சிய கார்பன் துண்டுகளும் அறுந்து வெட்டிய பிலிம் துண்டுகளும் எங்களுக்குச் சொத்து. பியூஸ் போன பல்பின் உள்ளே இருப்பதை நோண்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அதுதான் லென்ஸ். வாசலில் ஒருவன் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி ஜன்னல் வழியாக விட, உள்ளே அப்பாருவின் வேட்டியில் எம்.ஜி.ஆர். தலைகீழாக நிற்பார். பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால் நேராக நிற்பார். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது.

என்ன தின்றீர்கள்?

வேகவைத்த கல்லக்கா. நிலக்கடலையைத்தான் சொல்கிறேன். ஆடிப்பட்டத்துக் காய் பிடுங்குகிற காலத்தில் எல்லார் மடியிலும் அதுதான். படம் முடிந்து விளக்கைப் போட்டால் மணலே தெரியாது, தொக்குதான், அதாவது கடலைத் தோல்தான் தெரியும். காசு இருந்தால் கை முறுக்கு, தேங்காய் பர்பி. கோலி சோடா வாங்கினால் அது உடைகிற 'டொப்' சத்தத்துக்கு முன்வரிசையே திரும்பிப் பார்க்கும். அதற்காகவே சிலர் வாங்கினார்கள்.

படத்துக்கு முன்னால் வேறு ஏதாவது போடுவார்களா?

நியூஸ் ரீல். 1948இல் மத்திய அரசு தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் எடுத்து அனுப்பியது. அதைப் போட்டே ஆக வேண்டும் என்பது விதி. எங்கள் கொட்டாய்க்கு வந்து சேர்வதற்குள் செய்திக்கு வயதாகிவிடும். பீகாரில் வெள்ளம் என்று காட்டுவார்கள். அங்கே வெள்ளம் வடிந்து, நாற்று நட்டு, அறுத்தும் முடித்திருப்பார்கள். நாங்கள் மழை மறைவுப் பிரதேசம். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் முளைக்கிற அளவுக்கு மழை பெய்தாலே பெரிய விஷயம். அத்தனை தண்ணீரைத் திரையில் பார்த்து "அதுல கால்வாசி இக்கட்டால (இந்தப் பக்கம்) திருப்பிவிட்டா என்னவாம்" என்று அப்பாரு பெருமூச்சு விடுவார்.

மழை, காற்று வந்தால்?

மழையை விடுங்கள், வந்தால்தானே. காற்றைக் கேளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசல் மாதிரி திறந்திருக்கிறது. வைகாசி கடைசியிலிருந்து ஆடி முடிகிறவரை அந்த வாசல் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் என்று தடதடவென ஓடும். இப்போது அங்கெல்லாம் காற்றாலையாக நிற்பதற்கு அதுதான் காரணம். அன்றைக்கு அந்தக் காற்றில் நின்றது எங்கள் கொட்டாய்.

திரை என்பது வெள்ளைத் துணி. காற்று பின்பக்கமாகப் புகுந்தால் கதாநாயகியின் முகம் இட்லி மாதிரி உப்பும். வெளியே இழுத்தால் கன்னம் ஒட்டிப்போகும். சோகக் காட்சியில் அம்மா நடிகையின் வாய் திரை ஓரத்துக்கு நடந்து போனதைப் பார்த்து மொத்தக் கொட்டாயும் சிரித்த ராத்திரி ஒன்று உண்டு. கீற்று பறக்கும், மணல் கண்ணில் விழும். பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு கண்ணால் மட்டும் பார்ப்பார்கள். ஆனாலும் எழுந்து போனவர்கள் கிடையாது, நாற்பது பைசா கொடுத்திருக்கிறோமே.

பயமாக இருக்காதா? கூரை ஓலை, உள்ளே அத்தனை வெளிச்சம், சூடு.

மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கும். தண்ணீர்த் தொட்டியும் இருக்கும். சிறுவர்களுக்குப் பயம் என்றால் என்ன தெரியும்? 1979இல் தூத்துக்குடியில் ஒரு கொட்டாய் தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள். தரையில் உட்கார்ந்திருந்த பெண்களும் குழந்தைகளுமே நிறைய. அந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் ஆத்தா உள்ளே போனதும் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் உட்கார்ந்தாள். பீடி பற்றவைத்தவர்களைப் பெயர் சொல்லி அதட்டினாள். கொஞ்ச நாள் கொட்டாயில் கூட்டமே இல்லை.

நிஜமாகவே திறந்தவெளியில், வண்டியிலிருந்தபடி படம் பார்த்ததே இல்லையா?

நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்குப் பார்த்திருக்கிறோம். மாரியம்மன் நோம்பி முடிகிற ராத்திரி, கோயில் மைதானத்தில் இரண்டு மூங்கில் நட்டு நடுவே திரை கட்டி 16 எம்.எம். புரொஜெக்டரில் படம் ஓட்டுவார்கள். இலவசம். இதற்கு வேலி, தட்டி எதுவும் கிடையாது. வண்டியைத் திரைக்கு எதிரே நிறுத்தி, நுகத்தடியை முட்டுக்கட்டையில் தாங்கவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து பார்க்கலாம். ஒருமுறை பக்கத்து ஊர்க்காரர் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்த, டிரெய்லரில் முப்பது பேர் ஏறிக்கொண்டார்கள். இதற்கு மேல் டிரைவ்-இன்னுக்கு என்ன வேண்டும்?

முன்பக்கம் இடம் போய்விட்டால் திரைக்குப் பின்னால் போய் உட்காருவோம். துணிதானே, அங்கேயும் தெரியும். எழுத்து மட்டும் வலமிருந்து இடமாக ஓடும். கதாநாயகன் இடது கையால் வாள் வீசுவான். படிக்கத் தெரியாத ஆத்தாவுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். "இங்கதான் கூட்டமில்ல, காலை நீட்டலாம்" என்று பின்பக்கத்தையே கேட்டு வாங்கிக்கொள்வாள்.

கொங்கு நாட்டுக்கும் டூரிங் சினிமாவுக்கும் ஏதாவது தனித் தொடர்பு உண்டா?

தென்னிந்தியாவில் கூடாரச் சினிமா கதையே எங்கள் பக்கத்து ஆளிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1883இல் பிறந்தவர், திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தார். 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்தவர், உடம்பு முடியாமல் கருவியை விற்க வேண்டி வந்தது. வின்சென்ட் பணத்தைப் புரட்டி அதை வாங்கிவிட்டார். ரயில்வே வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பியவர் வடக்கே பெஷாவர், கிழக்கே ரங்கூன் வரை போனார். பேசாத படம்தான். வேலையை விட்டபோது அவர் வீட்டில் என்ன சொன்னார்களோ, அதை நினைத்தால்தான் எனக்கு வியப்பு.

திரும்பி வந்து 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரைக் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து பஞ்சாலைகள் பெருகின, சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது, பிறகு பட்சிராஜா ஸ்டூடியோ. அந்தப் பக்கம் சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். சாண்டோ சின்னப்பா தேவரும் கோவைக்காரர்தான். அவர் படம் என்றால் மாடோ யானையோ பாம்போ கட்டாயம் நடிக்கும் என்று எங்கள் கொட்டாயில் தனிக் கூட்டம் வரும். மாடு நடித்தால் அப்பாரு அதன் சுழியைப் பார்த்து விலை சொல்லுவார்.

புதுப்படம் உங்கள் ஊருக்கு எத்தனை நாளில் வரும்?

நாளா? வருடம் என்று கேளுங்கள். விநியோகக் கணக்கில் கொங்கு நாடே ஒன்றாக இல்லை. கோயமுத்தூர் ஒரு ஏரியா, சேலம், நாமக்கல் பக்கம் இன்னொரு ஏரியா, கரூர் திருச்சியோடு சேரும். ஒரே படத்தைக் கரூரில் கட்டிக்கொடுத்த அத்தை பார்த்து முடித்து, உறம்பரையாக (விருந்தாளியாக) வந்தபோது முழுக் கதையும் சொல்லிவிட்டுப் போவாள். அதற்கப்புறம் பல மாதம் கழித்துத்தான் எங்கள் கொட்டாய்க்குப் பெட்டி வரும். முதலில் கோவை, பிறகு திருப்பூர், தாராபுரம், கடைசியில் நாங்கள். வரும்போது பிலிம் முழுக்கக் கீறல், திரையில் மழைக் கோடு. எங்கள் ஊரில் அதிகம் பெய்த மழை அதுதான்.

ஏன் மூடிவிட்டார்கள்?

டி.வி.தான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான். எங்கள் பக்கத்தில் முதல் அடி கொடுத்தது மொபெட். 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. புருஷன், பெண்டாட்டி, முன்னால் ஒரு பிள்ளை என்று ஏறிக்கொண்டு தாராபுரத்துக்கோ காங்கேயத்துக்கோ போய் சேரில் உட்கார்ந்து, மின்விசிறிக்குக் கீழே புதுப்படமே பார்க்க முடிந்தது. ஆத்தாவுக்கு மொபெட்டில் ஏறப் பயம். மாட்டுவண்டி பூட்டுவதற்கு ஆள் குறைந்தது. அப்புறம் நோம்பிக்குக்கூட டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போட ஆரம்பித்தார்கள். 1987இல் கொடைக்கானல் ஒளிபரப்பு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை படம் வீட்டுக்கே வந்துவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் போகப் போக, ராத்திரி ஆட்டம் பார்த்துவிட்டுக் காலையில் களத்தில் தூங்கிவழிகிற வசதியும் போய்விட்டது. எங்கள் மைதானம் இப்போது கல்யாண மண்டபம். கார் நிறுத்த இடம் உண்டு.

இப்படிப் பார்த்ததில் எத்தனை படம் இருக்கும்?

ஆரம்பம் பார்த்தது இருநூறு இருக்கும். முடிவு பார்த்தது இருபது தேறாது. இரண்டாம் சுருளிலோ மூன்றாம் சுருளிலோ தூங்கிப்போய் வண்டிக்கு வந்துவிடுவேனே. திரும்புகிற வழியில் எழுப்பி உட்கார வைத்து, ஆத்தாதான் மீதிக் கதையைச் சொல்லுவாள். நாலு மைலும் சொல்லுவாள். வீடு வருவதற்குள் கதை முடிந்துவிட்டால் கூட ஒரு கல்யாணத்தைச் சேர்த்துக்கொள்வாள்.

பல வருடம் கழித்து அந்தப் படங்களை டி.வி.யில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆத்தா சொன்னதில் பாதிக்கு மேல் படத்தில் இல்லை. செத்துப்போன அண்ணன் அவள் கதையில் பிழைத்து வந்து தோட்டம் வாங்கியிருந்தான். வில்லன் திருந்திப் பழனிக்குக் காவடி எடுத்திருந்தான். விதவையாக நின்ற தங்கைக்கு மாமன் மகனைக் கட்டிவைத்திருந்தாள். நிஜ முடிவைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது, டைரக்டர் மேல்.

நிஜ டிரைவ்-இன் ஒன்றுக்காவது போனீர்களா?

போனேன். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரார்த்தனா டிரைவ்-இன், 1990களின் நடுவில். நான் அப்போது சென்னையில் வேலையில் இருந்தேன். ஆத்தா கண் ஆபரேஷனுக்காக வந்து எங்களோடு இரண்டு மாதம் இருந்தாள். கட்டுப் பிரித்து, கண்ணாடி போட்டுப் பழகியதும் நண்பன் ஒருவனின் அம்பாசிடரைக் கடன் வாங்கிக் கூட்டிக்கொண்டு போனேன். பழக்க தோஷம், போசியில் புளிச்சோறு கட்டினாள்.

உள்ளே போனதும் வரிசையாக நின்ற கார்களையும், பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த குடும்பங்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "வண்டியை எல்லாம் கூடவே வெச்சுக்கறாங்களே. நம்ம கொட்டாயாட்டந்தான் இருக்குது" என்றாள். அப்புறம் கடல் இருக்கும் திசையைக் காட்டி, "காத்துக்கூட இருக்குது" என்றாள். திரை மட்டும் உப்பவில்லை. அது அவளுக்கு ஏமாற்றம் என்று நினைக்கிறேன்.

இடைவேளைவரை நன்றாகப் பார்த்தாள். பிறகு பின்சீட்டில் காலை நீட்டியவள் அப்படியே தூங்கிவிட்டாள். நான் எழுப்பவில்லை. படம் முடிந்து கார்கள் கிளம்பும் சத்தத்தில் விழித்து, "முடிஞ்சுதா கண்ணு? என்ன ஆச்சு அந்தப் பையனுக்கு?" என்று கேட்டாள்.

அடையாறு வரும்வரை சொன்னேன். படத்தில் இருந்தபடியே, ஒன்றையும் விடாமல். அந்தப் பையன் கடைசியில் செத்துப்போகிறான். கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அது நல்லா இல்ல சாமி" என்றாள். "வீடு வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குதல்லோ? வேற மாதிரி சொல்லு."